வேலாப்போடியாரின் பி.எஸ்.ஏ.

மன்னிப்பதே பெருந்தன்மை என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்களிடமிருந்து யாரும் பெரிதாக எதையும் பறித்திருக்கமாட்டார்கள். யோகராசா மன்னிக்காதவன். அதனால்தான் அவனை எனக்குப் பிடித்தது.

நான் காத்தான்குடிச் சரீப். வாகனங்களுக்கு சீற் தைப்பது என் தொழில். வானுக்கும் ஆட்டோவுக்கும் தைத்துக்கொண்டிருந்த என்னைப் பழைய பட்டாள வண்டிகளுக்குத் தைக்க வைத்தவர் நிலோஜன் என்ற இளம் முதலாளி. கனடாவிலிருந்து திரும்பிவந்து, வாவிக்கரையில் தகப்பன் விட்டுப்போன நெல் ஆலையை நூதனசாலையாக்கப் போகிறேன் என்று நின்றார். இரண்டாம் உலக யுத்தத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன ஜீப்புகளையும் லொறிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் எங்கெங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்தார். ஒரு ஜீப்புக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். கோழியை இறக்கிவிட்டு ஜீப்பை ஏற்றி வந்தார்கள். எஞ்சின் வேலையெல்லாம் யோகராசாவுக்கு, சீற்றும் மேலே போர்த்தும் படங்குத் துணியும் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

யோகராசாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும்; என்னை மூத்தவன் என்று நானா, அதாவது அண்ணன், என்பான். மெலிந்த ஆள், குறைவான பேச்சு. ஆனால் மனதுக்குள் ஒன்றை வைத்தால் வைத்ததுதான். ஆலைக்கு நேர் எதிரே ஒரு தேநீர்க்கடை இருந்தது. கடைக்காரன் எப்போதோ ஒருமுறை, "ஒயில் கையோட கிளாசத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து யோகராசா வெயிலில் அரை மைல் நடந்து அடுத்த கடையில் குடித்துவிட்டு வருவான். கடைக்காரன் செத்து மகன் கடைக்கு வந்த பிறகும் அப்படித்தான். "மகன் என்ன செய்த?" என்று கேட்டேன். "அந்தக் கிளாஸ்தானே நானா இன்னும் இரிக்கி" என்றான்.

இன்னொன்றும் கவனித்தேன். ஆடி அமாவாசைக்கு, தகப்பன் இல்லாத ஆண்பிள்ளைகளெல்லாம் மாமாங்கக் கோயிலுக்குப் போய்த் தீர்த்தத்தில் முழுகித் தகப்பன் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். மட்டக்களப்பு ரோட்டில் அன்று கால் வைக்க இடமிராது. யோகராசா மட்டும் கராஜைத் திறந்து வேலை செய்வான். தகப்பன் இல்லாதவன்தானே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அவர் என்ன மகனில்லயெண்டு சொல்லிப்போட்டுத்தான் செத்தவர். மறுகா நான் எந்தப் பேரச் சொல்லி முழுகிற?" என்றான்.

அதற்குமேல் அன்று கேட்கவில்லை. முழுக்கதையும் அந்த பி.எஸ்.ஏ. வந்த நாளில்தான் தெரியவந்தது.

அது பொலன்னறுவைப் பக்கத்திலிருந்து லொறியில் வந்தது. பட்டாளத்தில் கடிதம் கொண்டோடியவர்கள் ஓட்டிய கனத்த மோட்டார் சைக்கிள். மேலெல்லாம் கறுப்புப் பெயின்ற். நாங்கள் நாலு பேர் பிடித்து இறக்கினோம். யோகராசா வழக்கம்போல அதைச் சுற்றி வந்தான். ஸ்டார்ட் பண்ண மிதிக்கிற கிக்கரில் கை வைத்தவன், அந்தக் கையை எடுக்கவே இல்லை. கிக்கரின் நடுவில் புண் ஆறின தழும்பு போல ஒரு வெல்டிங். பார்க்கவே அசிங்கமான வேலை.

"இத ஒட்டின நான் நானா" என்றான். "நான் பழகின முதல் வெல்டிங். அப்பா பாத்திட்டுச் சிரிச்சவர். இது எங்கட அப்பாட சைக்கிள்."

யோகராசாவின் தகப்பன் வேலாப்போடியார், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் போடி என்ற பட்டத்தோடிருந்த பெரிய வயற்காரர். யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட வண்டியை யாரிடமிருந்தோ வாங்கி, நீல நிறம் அடித்து, டேங்கில் தன் பெயரை வெள்ளை எழுத்தில் எழுதுவித்து ஓட்டியவர். அவர் அதில் வட்டைக்கு வயல் பார்க்கப் போனால் கொக்கும் எழும்பி வழி விடும் என்பார்களாம்.

தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினையில் ஊர் முழுவதும் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் ஓடிவந்தது. ஓடுவதற்கு முன்னால் சனம் கொண்டுபோக முடியாததையெல்லாம் புதைத்தது. தையல் மிசினைப் புதைத்தார்கள், குத்துவிளக்கைப் புதைத்தார்கள். போடியார் மோட்டார் சைக்கிளைப் புதைத்தார். முழுக்க கிறீஸ் பூசி, படங்கால் சுற்றி, மாட்டெருக் கும்பிக்குக் கீழே இறக்கினார்கள். இடம் தெரிந்தவர்கள் மூன்று பேர். போடியார், இருபது வயது யோகராசா, மூத்த மகளைக் கட்டி வந்திருந்த மருமகன் நல்லரெத்தினம்.

அகதி முகாமிலிருந்து திரும்பிவந்து தோண்டினால் குழிக்குள் படங்கு மட்டும் கிடந்தது. எரு பழையபடி அழகாகக் குவிக்கப்பட்டிருந்தது. போடியார் மருமகனைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தார். மகன்தான் கராஜ்களில் திரிகிறவன், மோட்டார் சைக்கிள் பைத்தியம். நான் எடுக்கவில்லை என்று யோகராசா தலையில் அடித்துச் சொல்லியும் கேட்கவில்லை. "என்ட வளவுக்க கால் வெக்காத, நீ எனக்கு மகனுமில்ல" என்றார். சில வருடம் கழித்து அவர் செத்தபோது யோகராசா ரோட்டில் நின்று பார்த்தான். கொள்ளிக்குடம் நல்லரெத்தினத்தின் தோளில் போனது.

பெற்ற மகன் உயிரோடு ரோட்டில் நிற்க, மருமகன் கொள்ளி வைக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே இரத்தம் கொதித்தது.

நிலோஜன் வண்டியைத் தந்தவருக்கு அப்போதே போன் பண்ணினார். பொலன்னறுவையில் அரிசி ஆலை வைத்திருந்த அப்துல் மஜீத் ஹாஜியார் என்ற வயதான மனிசன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று போனை மேசையில் வைத்தார்.

"ஓம் மகன், நல்லா ஞாவகம் இரிக்கி" என்றார் ஹாஜியார். "படுவான்கரைப் பக்கத்து ஆள். மாமன்ட சைக்கிள், மாமனுக்கு இனி ஓட ஏலாதெண்டு சொன்ன. எனக்கிட்ட ஒரு லேண்ட்மாஸ்டர் சும்மா கெடந்த. அதக் குடுத்திட்டு இத எடுத்த. பேரு நல்லரெத்தினம்."

லேண்ட்மாஸ்டர் என்றால் கையால் பிடித்து உழுகிற சின்ன உழவு இயந்திரம். அந்தக் காலத்தில் அது வைத்திருப்பவன் ராசா. யோகராசா சுவரோடு சாய்ந்து நின்றான்.

"விவசாயச் சங்கத்தில தந்ததெண்டுதானே ஊரெல்லாம் சொன்னவன்" என்றான். "அதாலதான் அப்பாட வயல உழுதவன். அப்பா அத வாயாரப் புகழ்ந்ததெண்டு சனம் எனக்கிட்ட வந்து சொன்ன."

வேலியே பயிரை மேய்ந்த கதை. அந்த வேலிக்கு இப்போது ஊரில் என்ன மரியாதை தெரியுமா? நல்லரெத்தினம் ஊர்க் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர். சால்வை போர்த்திக்கொண்டு நியாயம் சொல்கிறவர். கள்ளனுக்குச் சால்வை, அப்பாவிக்கு ஒயில் துணி.

நான் அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் போய் அந்த ஆளின் வாசலில் நின்று கத்தலாம் என்றேன். யோகராசா வேண்டாம் என்று தலையாட்டினான்.

"வாசல்ல கத்தினா வாசலோட போயிரும் நானா. அவன் என்ன ஊருக்கு முன்னால கள்ளனாக்கினவன். நான் அவன நாட்டுக்கு முன்னால ஆக்கப்போறன். மறுகா மாமாங்கத்துக்குப் போய் அப்பாட பேரச் சத்தமாச் சொல்லி முழுகுவன்."

நூதனசாலை ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாகத் திறப்பதாக இருந்தது. யோகராசாவின் திட்டம் எனக்குத் தேனாக இனித்தது. பி.எஸ்.ஏயைத் துணியால் மூடி வைப்பது. பெரிய மனிதர் வரிசையில் வண்ணக்கர் நல்லரெத்தினத்தையும் அழைத்து, அந்தத் துணியை விலக்கும் மரியாதையை அவருக்கே கொடுப்பது. விலக்கினால் உள்ளே பட்டாளப் பச்சை இராது. போடியாரின் நீலமும் போடியாரின் பெயரும் இருக்கும். அத்தனை சனத்துக்கும் நடுவில் யோகராசா ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

நிலோஜனுக்கு எல்லா வண்டியும் பட்டாளத்தில் இருந்த நிறத்தில்தான் வேண்டும். யோகராசா பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தான். வேலை கிடைத்தால் போதும் என்று யாரிடமும் எதிர்த்துப் பேசாதவன், ஒரு நிறத்துக்காக முதலாளியோடு மல்லுக்கு நின்றான்.

பிறகு தொடங்கியது தேய்ப்பு. பழைய வண்டியின் பெயின்றைத் தோல்தோலாக உரிக்கலாம். மேலே கடைசியாக அடித்தது, அதற்குக் கீழே முந்தியது, எல்லாவற்றுக்கும் கீழே பட்டாளப் பச்சை. அவசரப்பட்டால் வேண்டிய தோலும் சேர்ந்து போய்விடும். மெல்லிய மணல் தாளைத் தண்ணீரில் நனைத்து, விரல் நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தான். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. ஓரிடத்தில் நீலம் கண் திறந்தது. நான் ஜீப் சீற்றைத் தைப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். முதலில் வெள்ளையாக ஒரு வளைவு, பிறகு ஒரு கால். நாட்கள் போகப்போக எழுத்து எழுத்தாக மேலே வந்தது: க. வேலாப்போடி.

பெயர் முழுவதும் தெரிந்த அன்று யோகராசா கையைக் கழுவிவிட்டு வந்து அதைத் தொட்டான். கை கழுவிவிட்டு அவன் ஒரு வண்டியைத் தொட்டதை அன்றுதான் கண்டேன். "அப்பா" என்றான். ஐம்பத்தைந்து வயது மனிசன் அப்படிக் கூப்பிட்டால் கேட்கிறவன் என்ன செய்வது? நான் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

இப்படியான விசயம் ஊருக்குள் ஒளிந்திருக்குமா? திறப்புக்கு முன்தினம் பின்நேரம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவள் யோகராசாவின் அக்கா சின்னத்தங்கம். தகப்பன் செத்த நாளுக்குப் பிறகு அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசியது அன்றுதான். கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சண்டைக்கு வந்திருந்தாள்.

"என்ட மனிசன நாளைக்கு மேடையில வெச்சிக் கள்ளனாக்கப் போறியாம். மெய்யா?"

"கள்ளனக் கள்ளனெண்டு சொல்லப்போறன்" என்றான் யோகராசா. "நீ இதுக்க வராதக்கா. நீயும் அவன நம்பி ஏமாந்தவதானே."

"நான் ஒண்டும் ஏமாறல்ல." அவள் டேங்கைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாவும் ஏமாறல்ல. அப்பாக்குத் தெரியும்டா."

யோகராசாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"என்ன தெரியும்?"

"லேண்ட்மாஸ்டர் வந்த அண்டைக்கே அவர் அப்பாட கால்ல உழுந்து சொல்லிட்டார். நான்தான் எடுத்தன், வயல் தரிசாக் கெடக்கு, வேற வழி தெரியல்ல எண்டு. அப்பா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடல்ல. மறுகா என்னக் கூப்பிட்டு, இத வெளிய விடாத எண்டார்."

"என்னத்துக்கு?"

"நான் அப்ப புள்ளத்தாச்சி. விசயம் வெளிய வந்தா இவர் ரோசத்தில விட்டுட்டுப் போயிருவார், புள்ளயோட நீ தனிய நிப்பாய், எனக்கும் அம்மாக்கும் ஆர் வயல் செய்யிற எண்டார். யோகன் ஆம்புளப் புள்ளதானே, நாளைக்கு ஒருத்திட வீட்டுக்குப் போறவன்தானே, அவன் பொழச்சிருவான் எண்டார்."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இது விசர்க் கதையாகத் தோன்றலாம். எங்களுக்கு அப்படியில்லை. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இங்கே ஒரே முறைதான். வீடும் வளவும் மகளுக்கு. மகன் உடுத்த துணியோடு பெண்டாட்டி வீட்டுக்குப் போவான், அந்நியன் ஒருத்தன் மருமகனாக வந்து வீட்டைப் பிடிப்பான். பெற்றவர்கள் கடைசிக் காலத்தில் மருமகன் கையால்தான் சாப்பிடவேண்டும். நானே அப்படித்தான் இன்னொருவர் வீட்டுக்குப் போனேன், என் வீட்டுக்கு இன்னொருவன் வந்திருக்கிறான். மருமகனோடு பகைக்கக்கூடாது என்று எல்லாத் தகப்பனும் பல்லைக் கடிப்பதுண்டு. ஆனால் மருமகனைக் காப்பாற்ற மகனை விற்ற தகப்பனை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"நான் களவெடுக்கல்லயெண்டு தெரிஞ்சிருந்துமா என்ன வளவுக்க விடல்ல?" யோகராசா கேட்டது அக்காவையா, டேங்கையா என்று சொல்ல முடியாது.

"உன்னக் கண்டா வாய் தவறிச் சொல்லிருவன் எண்டு பயந்தவர்டா. கொள்ளிக்கு உன்னக் கூப்பிட்டா, என்னெண்டு மன்னிச்சீங்க எண்டு ஊர் கேக்கும், அதையும் வேணாமெண்டிட்டார். கடைசி நேரத்தில உன்ட பேரத்தான் சொன்னவர்."

"நல்லாரிக்கி!" என்று நான் வெடித்துவிட்டேன். "உசிரோட இரிக்கக்குள்ள ஊருக்குச் சொல்லாத ஆள், சாகக்குள்ள ஒங்கட காதுக்குச் சொன்னாராக்கும்!"

அவள் தம்பியிடம், "சொல்லுறதெண்டா நாளைக்கு எல்லார்ட பேரையும் சொல்லு. என்ட மனிசன மட்டும் சொல்லாத" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

வாவிப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான், "இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகல்ல, நாளைக்கு அந்தக் கள்ளன் துணிய விலக்கட்டும், நீங்க கேளுங்க" என்றேன்.

யோகராசா மணல் தாளை எடுத்தான். மெல்லியது இல்லை, துருப்பிடித்த இரும்புக்குப் போடுகிற முரட்டுத் தாள். தண்ணீரும் தொடவில்லை.

"தம்பி, என்ன வேல பாக்கிறீங்க!"

"கள்ளன் களவெடுத்தான் நானா. அது கள்ளன்ட தொழில்" என்றான். "இந்தாள் எனக்கு அப்பன்."

நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டான். கிழமைக்கணக்காக விரல் நுனியால் தடவித் தடவி எழுப்பிய பெயரை, அந்தப் பின்நேரத்துக்குள் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தே அழித்தான். முதலில் போனது 'போடி' என்ற பட்டம். நீலத் தூள் அவன் மயிரிலும் மீசையிலும் படிந்தது. அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பச்சை வரும்வரை தேய்த்துவிட்டு, அதன் மேலேயே பட்டாளப் பச்சையை இரண்டு தரம் அடித்தான்.

மறுநாள் நல்லரெத்தினம் வந்தார். பெண்டாட்டி எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். சால்வைக்குள் ஆள் பாதியாகச் சுருங்கியிருந்தார். வராமல் நின்றால் ஊர் கேட்கும், வந்தால் மானம் போகும் என்ற நிலை. தவில் அடித்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். துணியை இழுக்குமுன் சால்வையை இரண்டு தரம் இழுத்துப் போர்த்தியதைப் பின்வரிசையில் நின்றவர்களும் கண்டிருப்பார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன், ஒளிப்பானேன்? துணி விழுந்தது. பச்சை. சனம் கைதட்டியது. நல்லரெத்தினம் டேங்கையே பார்த்துக்கொண்டு நின்றார், தப்பிவிட்டேனா இல்லையா என்று அவருக்கே விளங்கவில்லை.

நிலோஜன் ஓடிவந்து, "நீலம் எங்க? அவ்வளவு சண்டை பிடிச்சீங்க! இது ஆர்ட சைக்கிள் எண்டு எழுதிற?" என்று காதோடு கேட்டார்.

"பட்டாளத்திட சைக்கிள் எண்டு எழுதுங்க" என்றான் யோகராசா. "மறுகா ஒருத்தரும் இல்ல."

அமாவாசையன்று காலையில் ரோடு நிறையச் சனம் மாமாங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நானும் யோகராசாவும் ஒரு லொறியின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தோம். ஒரு வான் ஆலை வாசலில் நின்றது. நல்லரெத்தினம் இறங்கி வந்தார், வேட்டியும் வெறும் மேலுமாக, கையில் எள்ளும் தர்ப்பையும் வெற்றிலையும் வைத்த தட்டம். பின்னால் சின்னத்தங்கம். வானுக்குள் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், ஊர்ப் பெரியவர்கள் இரண்டொருவர்.

நல்லரெத்தினம் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார். அதை நான் மறுக்கமாட்டேன்.

"தம்பி, நான்தான் தோண்டி எடுத்தன். இவங்களுக்கெல்லாம் சொல்லிட்டன். இனி எனக்குக் கோயில்ல வேலையும் இல்ல. நான் செய்த கடமையெல்லாம் உன்ட கடமை. வா, மாமாட பேர நீ சொல்லி முழுகு."

யோகராசா முப்பது வருடத்துக்கு மேலாகக் காத்திருந்த பேச்சு இது. ஒரு எழுத்துக் குறையவில்லை. ஊர்ப் பெரியவர்கள் வானிலிருந்து இறங்கி நின்றார்கள். அக்கா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். போ தம்பி, போய் அவர்கள் எல்லோரும் பார்க்க முழுகு என்று மனதுக்குள் சொன்னேன்.

அவன் தட்டத்தைப் பார்த்தான். ஒயில் கையைத் துணியில் துடைத்தான். வாங்கப்போகிறான் என்றே நினைத்தோம். தட்டத்தின் விளிம்பில் விரலை வைத்து, மெதுவாக, நல்லரெத்தினத்தின் நெஞ்சுப் பக்கமே தள்ளினான்.

"அத்தான், அவர் மகன் வேணாம், மருமகன் போதுமெண்டு தெரிஞ்சிதான் முடிவெடுத்தவர்" என்றான். "மருமகனே போய் இறைங்க. எனக்கு வேல இரிக்கி."